எடைமேடை ஜன்னலில் குஷ் நாட்டு அரசர்கள்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் வாயால் பிழைத்ததும் உண்டு, வாயால் கெட்டதும் உண்டு. இரண்டும் ஒரே குளிர்காலத்தில், ஒரே ஆள் விஷயத்தில் நடந்தன. அந்த ஆள் சூடான்காரர். ராஸ் அல் கைமாவில் நான் டிப்பர் ஓட்டிய கல்குவாரியில், எடைமேடையில் உட்கார்ந்து சீட்டுக் கொடுக்கிறவர்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகள் அவை. துபாயில் கடலுக்குள் கல்லைக் கொட்டித் தீவு செய்துகொண்டிருந்தார்கள். அந்தக் கல்லுக்காக எங்கள் பக்கத்து மலையை உடைத்தார்கள். கல் ஏற்றிய வண்டி குவாரியை விட்டு வெளியே போகுமுன் எடைமேடையில் ஏறி நிற்க வேண்டும். வண்டியின் ஆட்டம் அடங்கி, உள்ளே திரையில் எண் நிலைத்து, சீட்டு அச்சாகிக் கைக்கு வர இரண்டு நிமிடமாகும். ஒரு நாளைக்கு ஆறு நடை. ஆறிரண்டு பன்னிரண்டு நிமிடம் அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஜன்னல்தான். பன்னிரண்டு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாது.

அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது, நாற்பதை ஒட்டி. அவருக்குத் தெரிந்த இந்தியும் எனக்குத் தெரிந்த அரபியும் சேர்ந்த ஒரு பாஷையில் பேசிக்கொள்வோம். இரண்டு மொழிக்காரர்களும் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார்கள். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. இங்கே அதைத் தமிழாகவே எழுதிவிடுகிறேன். நான் அவரை "உஸ்தாத்" என்பேன். ஐயா என்பதுபோல அங்கே ஒரு மரியாதை. அவர் என்னை "யா ஸோல்" என்பார். அது சூடான்காரர்களின் "என்னப்பா".

எனக்குச் சொந்த ஊர் ஜெயங்கொண்டம் பக்கம். கங்கைகொண்ட சோழபுரத்துக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே மாடு மேய்த்தவன் நான். கங்கை வரை போய் வந்தவனும் கடல் தாண்டிக் கடாரம் வென்றவனும் எங்கள் ஊர்க்காரன் என்ற நினைப்பு ரத்தத்திலேயே ஊறியிருந்தது. நாங்கள் தங்கியிருந்த கேம்ப்பில் ஒவ்வொரு பொங்கலுக்கும் மெஸ் ஹாலில் பட்டிமன்றம் நடக்கும். சோழரா, பாண்டியரா என்பதுதான் வருடா வருடம் தலைப்பு. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் சோழர் அணிக்குத் தலைவன் நான். மூன்றிலும் ஜெயித்தோம். என் பேச்சைக் கேட்டுவிட்டு மதுரைக்காரன் ஒருவன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அதை விருதாகவே வைத்துக்கொண்டேன்.

இந்தப் பெருமை முழுவதையும் அந்த ஜன்னல் வழியாக உஸ்தாத்துக்கு ஊற்றினேன். கோயிலின் உயரம், நந்தியின் அகலம், யானைப்படை, கப்பல்படை எல்லாவற்றையும் ஒரு வருடம் முகம் சுளிக்காமல் கேட்டார். சீட்டைக் கொடுக்கும்போது "மாஷா அல்லாஹ்" என்பார். நான் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்து கியர் போடுவேன்.

ஒரு நாள் எனக்குப் பின்னால் பத்து வண்டி வரிசையாக நின்றது. குவாரியில் ஏதோ பழுது, எல்லாரும் இறங்கி எடைமேடைப் பக்கம் நிழலில் நின்றோம். நான் வழக்கம்போலக் கடாரத்தில் இருந்தேன். உஸ்தாத் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, முதல் தடவையாகத் தன் பக்கத்தைச் சொன்னார்.

"எங்களுக்கும் ராஜாக்கள் இருந்தாங்க. குஷ்னு ஒரு ராஜ்யம். எங்க ராஜாக்கள் எகிப்தையே ஆண்டிருக்காங்க. எகிப்தைவிட எங்க ஊர்லதான் பிரமிடு அதிகம்."

சொன்னவர் முகத்தில் ஒரு சின்ன வெட்கமும் இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள் என்பது மட்டும்தான் தெரிந்தது. திரும்பித் தமிழில் கத்தினேன்.

"கேட்டீங்களாடா! இவங்க எகிப்தை ஆண்டாங்களாம்! அடுத்து அமெரிக்காவும் எங்களதுதான்னு சொல்வாரு போல!"

எல்லாரும் கைகொட்டிச் சிரித்தார்கள். ஒருவன் அவர் நிறத்தைச் சொல்லி ஒரு வார்த்தை விட்டான். அதற்கும் நான் சிரித்தேன். என் நிறம் என்ன என்று கேட்காதீர்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் விளக்கைப் போடச் சொன்னார்கள். ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்பது அன்றைக்கு எனக்குப் பொருந்திய மாதிரி யாருக்கும் பொருந்தியிருக்காது.

அவருக்குத் தமிழ் தெரியாது. சிரிப்புக்கு மொழி வேண்டுமா என்ன? முழங்கையை எடுத்துக்கொண்டு உள்ளே நகர்ந்துகொண்டார். அடுத்த நடையிலிருந்து ஜன்னல் சீட்டு நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. "மாஷா அல்லாஹ்" நின்றுபோனது. சீட்டு வரும், ஜன்னல் மூடும்.

முதல் நாள் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு கேலியைத் தாங்காதவர் என்ன மனிதர் என்று அறையில் சொல்லித் திரிந்தேன். இரண்டாம் நாள் அந்தப் பன்னிரண்டு நிமிடம் என்னைத் தின்றது. நான்காம் நாள் ஒரு சந்தேகம் வந்தது. அந்த ஆள் ஒரு கிலோவைக்கூட மிகைப்படுத்திச் சொல்லாதவர். சீட்டில் ஐம்பது கிலோ கூடுதலாகப் போடச் சொல்லி எத்தனையோ பேர் கெஞ்சியும் மசியாதவர். எகிப்து விஷயத்தில் மட்டும் ஏன் அளக்கப் போகிறார்?

வெள்ளிக்கிழமை ராஸ் அல் கைமா டவுனுக்குப் போனபோது, ஒரு மலையாளி வைத்திருந்த நெட் கஃபேயில் உட்கார்ந்தேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத்தான் வரும். அவன்தான் தட்டித் தேடிக் கொடுத்தான். திரையில் முதல் படம் இறங்க அரை நிமிடமானது. மேலிருந்து கீழாகக் கோடு கோடாக வந்தது. வானம் வந்தது, பிறகு மஞ்சள் மணல் வந்தது, அந்த மணலில் செங்குத்தான, ஒல்லியான பிரமிடுகள் வரிசையாக வந்தன. ஒன்றிரண்டு இல்லை, குன்று முழுவதும்.

"சேட்டா, இது சூடானோ? எனிக்கும் அறியில்லாயிருந்நு" என்றான். அவனுக்கும் அதுவரை தெரியாதாம்.

அவன் வாசித்து அர்த்தம் சொல்லச் சொல்ல எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் சரி. எங்கள் சோழன் பிறப்பதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பு, அந்தக் கறுப்பு அரசர்கள் நைல் நதியோடு வடக்கே போய் எகிப்தை வென்று, நூறு ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவாக அதன் சிம்மாசனத்தில் இருந்திருக்கிறார்கள். ஜெயங்கொண்டத்தானுக்கு உலக ராஜாக்கள் எல்லாம் தெரியும் என்று மார்தட்டியவன், மூக்கறுபட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. வேறு வார்த்தை தேட வேண்டியதில்லை.

இரண்டு படத்தைக் கலரில் அச்செடுத்து, மறுநாள் முதல் நடையிலேயே ஜன்னலில் நீட்டினேன். "உஸ்தாத், மன்னிச்சிடுங்க. நீங்க சொன்னது உண்மை. நான்தான் முட்டாள்."

அவர் படத்தைப் பார்த்தார், சிரிக்கவில்லை. காகிதத்தைத் திருப்பி என் கையிலேயே வைத்தார்.

"சிரிச்சது பத்துப் பேர் முன்னாடி. மன்னிப்பு மட்டும் தனியாவா?" என்றார். ஜன்னல் மூடிக்கொண்டது.

அந்த ஒரு கேள்வி என் வண்டியிலேயே ஏறிக்கொண்டு கல் இறக்கும் துறைமுகம் வரைக்கும் வந்தது. மனிதர் நியாயத்தைத்தான் கேட்டார். கூட்டத்தில் பறித்ததைக் கூட்டத்தில்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். எனக்குத் தெரிந்த கூட்டம் ஒன்றே ஒன்றுதான்.

அந்த வருடம் பட்டிமன்றத்துக்கு ஒரு சிக்கல். பாண்டியர் அணியில் பேச வேண்டிய மூன்று மதுரைக்காரர்களும் ஒரே சமயத்தில் லீவில் ஊருக்குப் போய்விட்டார்கள். எதிரணி இல்லாமல் சோழர் யாரோடு மோதுவது? நடுவர் எங்கள் ஸ்டோர் கீப்பர், திருநெல்வேலிக்காரர். ஏற்பாட்டுக்காகக் கூடியிருந்த இடத்தில் போய் நின்றேன்.

"எதிரணிக்கு நான் பேசறேன் அண்ணாச்சி. ஆனா பாண்டியருக்கு இல்ல. குஷ் ராஜாக்களுக்கு."

"எந்த ஊருவே அது? ராமநாதபுரமா?"

"சூடான்."

மெஸ் ஹாலில் கரண்டிகள் தட்டில் விழுந்தன. பிறகு ஆளாளுக்குக் கத்தினார்கள். என் அறையில் என் மேல் கட்டிலில் படுக்கிற கும்பகோணத்து வெல்டர்தான் அதிகமாகக் கொதித்தான். சோழர் அணியில் எனக்கு அடுத்தவன் அவன்; என் சிஷ்யன் என்று சொல்லிக்கொள்வான்.

"மாப்ள, பொறந்த மண்ணுக்கே துரோகம் பண்றியே, வெக்கமா இல்ல?"

"நீ சோழனுக்குப் பேசு. நல்லாப் பேசு. நான் தோக்கிறேன்னா தோத்துட்டுப் போறேன்."

சொன்னேனே தவிர, எனக்குத் தோற்றுப் பழக்கமில்லை. அண்ணாச்சி கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துகொண்டிருந்துவிட்டு, "பேசட்டும்வே. கேட்ட கதையவே எத்தனை வருசம் கேக்க?" என்று முடித்துவிட்டார்.

மறுநாள் ஜன்னலில் சொன்னேன். "உஸ்தாத், பொங்கல் முடிஞ்ச வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகைக்கு அப்புறம், முந்நூறு பேர் முன்னாடி உங்க ராஜாக்களுக்காகப் பேசப்போறேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்கதான் சொல்லணும். நீங்க வந்து முன்னாடி உட்காரணும்."

சீட்டு அவர் கையிலேயே நின்றது. பின்னால் இருந்த வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். ஜன்னல் கிறீச்சென்று முழுவதும் திறந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வாரம், ஒரு நடைக்கு இரண்டு நிமிடமாக, ஒரு ராஜ்யம் என் வண்டியில் ஏறியது. அவர் இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டவர் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அவருடைய கிராமம் அந்தப் பிரமிடுகளுக்குப் பக்கத்தில். குளிர்காலம் வந்தால் வெளிநாட்டு ஆராய்ச்சிக்காரர்கள் வந்து கூடாரம் போடுவார்களாம், கிராமத்து ஆண்கள் கூலிக்குத் தோண்டப் போவார்களாம். இவரும் மண்வெட்டியோடு பல குளிர்காலம் போயிருக்கிறார். "எங்க ராஜாக்களை நான் புத்தகத்துல பாக்கல, என் கையால மண்ணுக்குள்ளேருந்து எடுத்தேன்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார்.

நடைக்கு ஒரு செய்தி. அதை வண்டியில் துறைமுகம் வரை சத்தமாகச் சொல்லிக்கொண்டே போவேன், திரும்பும்போது மறுபடியும் சொல்வேன். ராஜாக்களின் பெயர்கள் மட்டும் என் நாக்கில் உருளவில்லை. மேடையில் பெயரைக் கொலை செய்வதைவிடப் பெயரே சொல்லாமல் இருப்பது மரியாதை என்று இருவரும் முடிவு செய்தோம். நான் தப்பாகச் சொன்னால் அவர் சீட்டைத் தராமல் பிடித்துக்கொள்வார். சரியாகச் சொன்ன பிறகுதான் விடுவார். பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் என்னைத் திட்டிய திட்டுக்கு அளவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மெஸ் ஹாலில் கரும்பு கட்டியிருந்தது. கரும்பு எங்கிருந்து கிடைத்ததோ, துபாயிலிருந்து யாரோ தூக்கி வந்திருந்தார்கள். சாப்பாட்டு மேசைகளைச் சேர்த்து மேடை. உஸ்தாத் கணுக்கால் வரை தொங்கும் வெள்ளை ஜலாபியாவும் தலையில் பெரிய வெள்ளை முண்டாசுமாக வந்தார். தினமும் ஜன்னலில் தோளுக்கு மேல் மட்டுமே பார்த்த மனிதர் முழு உயரத்தில் வந்து நின்றபோது, உட்கார்ந்திருந்தவர்கள் தாங்களாகவே வழி விட்டார்கள். முதல் வரிசையில் உட்கார வைத்தேன்.

கும்பகோணத்தான் முதலில் பேசினான். நன்றாகவே பேசினான். நான் மூன்று வருடமாகத் தீட்டி வைத்த வசனங்களை ஒன்று விடாமல் எடுத்து என் மேலேயே வீசினான். "கப்பல் இருந்துச்சா உங்க குஷ்ல? கடாரம் போனாங்களா உங்க ராஜாக்கள்?" என்று அவன் கேட்டபோது ஹால் இடிந்துவிடும் போலக் கைதட்டல். எனக்கே கைதட்டத் தோன்றியது. வளர்த்த கடா மார்பில் பாய்ந்துகொண்டிருந்தது.

நான் எழுந்தேன்.  குதிரையில் ஆரம்பித்தேன்.

"நடுவர் அவர்களே, நம்மள்ல பாதிப் பேர் வண்டி ஓட்டறவங்க. அதனால உங்களுக்கு இது புரியும். எகிப்தை ஜெயிச்ச குஷ் ராஜா ஒருத்தர், ஒரு ஊரை முற்றுகை போட்டுப் புடிச்சாரு. தோத்த ராஜா தங்கத்தைக் கொண்டாந்து கொட்டறான். அரண்மனைப் பொண்ணுங்க எல்லாம் வந்து நிக்கிறாங்க. இவரு ஏறெடுத்தும் பாக்கல. நேரா லாயத்துக்குப் போறாரு. அங்க குதிரைங்க முற்றுகையில தீனி இல்லாம எலும்பும் தோலுமா நிக்குது. அதைப் பாத்துட்டுதான் அவருக்குக் கோபமே வந்துச்சாம். நீ என்னை எதிர்த்து நின்னதைக்கூடப் பொறுத்துக்குவேன், வாயில்லாத ஜீவனைப் பட்டினி போட்டியேன்னு கேட்டாராம். அதைக் கல்லுலயே வெட்டி வெச்சிருக்காங்க. அந்த வம்சத்து ராஜாக்கள் செத்தா, பக்கத்துலேயே அவங்க குதிரைங்களை நின்ன நிலையிலேயே புதைச்சாங்க. ராஜாவுக்குப் போட்ட மாதிரி நகை, மரியாதை எல்லாம் குதிரைக்கும் இருந்துச்சு."

டிரைவர்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து ஒரு விசில் வந்தது. அதன் பிறகு என் குரல் தானாகவே ஏறியது.

அடுத்து ராணிகளிடம் வந்தேன். அந்த நாட்டில் பெண்கள் அரசாண்டார்கள், கண்டகே என்பது அவர்களுக்கான பட்டம். அதில் ஒருத்திக்கு ஒரு கண்தான். உலகத்தை எல்லாம் வளைத்துப் போட்ட ரோமாபுரி அவள் எல்லைக்கு வந்து வரி கேட்டது. அவள் படையோடு போய் அவர்கள் கோட்டையைப் பிடித்தாள், சக்கரவர்த்தியின் வெண்கலச் சிலையை உடைத்துத் தலையை மட்டும் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அந்தத் தலையை என்ன செய்தார்கள் என்று நிறுத்தி, ஹாலை ஒருமுறை சுற்றிப் பார்த்தேன்.

"கோயில் வாசப்படிக்கு அடியில புதைச்சாங்க! உள்ள போறவன், வெளிய வர்றவன் எல்லாரும் ரோமாபுரிச் சக்கரவர்த்தி தலையை மிதிச்சுட்டுத்தான் போகணும்! கடைசியில ரோமாபுரியே, அம்மா தாயே, வரியும் வேணாம், ஒண்ணும் வேணாம், சமாதானமாப் போயிடுவோம்னு கையெழுத்துப் போட்டுச்சு!"

ஹால் எழுந்து நின்றது. நான் மூன்று வருடம் சோழனுக்குப் பேசியபோதுகூட அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. அந்தச் சத்தம் எனக்குத் தலைக்கேறியது. மனைவியைப் பற்றி ஒரு நகைச்சுவை இல்லாத பட்டிமன்றம் உப்பில்லாத சோறு என்பது நம் பழக்கம். அந்தப் பழக்கத்தில், எழுதி வைக்காத ஒன்றைச் சொன்னேன். கோயில் சுவரில் செதுக்கிய ஒரு ராணியின் படத்தை அச்செடுத்து வைத்திருந்தேன். நல்ல வாட்டசாட்டமான உடம்பு, கையில் வாள், எதிரிகளை முடியைப் பிடித்துக் கொத்தாகத் தூக்கியிருக்கிறாள். அதை உயர்த்திக் காட்டினேன்.

"பாத்துக்குங்க. அந்த நாட்டுல ராணி சொன்னதுதான் சட்டம். இதுல நமக்கு என்னய்யா ஆச்சரியம்? வெள்ளிக்கிழமை ஆனா டெலிபோன் பூத்துல நின்னு ராணிகிட்ட உத்தரவு வாங்கறவங்கதானே நாம எல்லாம்!"

சிரிப்பு வெடித்தது. மேசையைத் தட்டிச் சிரித்தார்கள், பக்கத்தில் இருந்தவன் முதுகில் அறைந்து சிரித்தார்கள், படத்தைக் கைகாட்டி "என் வீட்டுக்காரியேதான்!" என்று ஒருவன் கத்தினான். நானும் சிரித்துக்கொண்டே முதல் வரிசையைப் பார்த்தேன்.

உஸ்தாத் எழுந்துவிட்டார். முகம் கல்லாக இருந்தது. முண்டாசின் நுனியைத் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வாசலை நோக்கி நடந்தார்.

 அவருக்கு என்ன தெரிந்திருக்கும்? தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அவர் கண்டது இதுதான்: நான் அவருடைய ராணியின் படத்தைத் தூக்கிக் காட்டினேன், முந்நூறு தமிழர்கள் அதைக் கைகாட்டி விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றைக்குப் பத்துப் பேர், இன்றைக்கு முந்நூறு. நுணலும் தன் வாயால் கெடும்.

மைக்கைப் பிடித்தபடியே மேசையிலிருந்து குதித்தேன். ஒயர் இழுத்துக்கொண்டு வந்தது.

"உஸ்தாத்! நில்லுங்க! ராணியைப் பாத்துச் சிரிக்கல! எங்களைப் பாத்து நாங்களே சிரிச்சோம்!" எங்கள் பாஷையில் கத்தினேன்.

அவர் வாசலில் நின்றார். திரும்பவில்லை. "யா ஸோல், போதும். கலாஸ்" என்றார். அந்தக் குரலில் கோபம்கூட இல்லை.

ஹாலில் சிரிப்பு அணைந்துவிட்டது. என்ன நடக்கிறது என்று யாருக்கும் புரியவில்லை. நான் கூட்டத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னேன். "அவரு, நாம அவரோட ராணியைக் கேலி பண்றோம்னு நெனைச்சுட்டாரு. ஏற்கெனவே ஒரு தடவை அவரு ராஜாக்களைக் கேலி பண்ணினவன் நான்தான். பத்துப் பேர் முன்னாடி. அதுக்கு மன்னிப்புக் கேக்கத்தான் இன்னைக்கு இந்தப் பக்கம் நின்னு பேசறேன். எனக்காக ஒண்ணு செய்யுங்க. பொய் சொல்ல வேணாம். இங்க யாரெல்லாம் வீட்டுல ராணிக்குக் கட்டுப்பட்டவங்களோ, அவங்க மட்டும் கையைத் தூக்குங்க."

 முதலில் தூக்கியது கும்பகோணத்தான், என் எதிரணித் தலைவன். இரண்டு கையையும் தூக்கினான். பிறகு நடுவர் அண்ணாச்சி நாற்காலியில் இருந்தபடியே கம்பீரமாக ஒரு கை. பிறகு டிரைவர்கள், வெல்டர்கள், கல்லுடைக்கும் கிரஷர் ஆட்கள், சமையல்காரர்கள். கல்யாணமே ஆகாத இரண்டு பேர்கூட, வரப்போவது தெரிந்தோ என்னவோ, தூக்கினார்கள்.

"உஸ்தாத், திரும்பிப் பாருங்க. வீட்டுல ராணி ஆட்சின்னு ஒத்துக்கிறவங்க கை தூக்கச் சொன்னேன். இதுக்குத்தான் சிரிச்சோம்" என்றேன்.

அவர் திரும்பினார். முந்நூறு கைகளைப் பார்த்தார். ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார், எடை சரியா என்று பார்க்கிற அதே நிதானத்தோடு. கல் முகம் மெல்ல இளகியது. பிறகு, அந்த வாசலில் நின்றபடியே, தன்னுடைய வலது கையையும் மேலே தூக்கினார்.

அப்போது எழுந்த சத்தத்தில் கட்டியிருந்த கரும்பு சாய்ந்துவிட்டது. நாலு பேர் ஓடிப்போய் அவரைத் தோளில் தூக்காத குறையாக மேடைக்குக் கொண்டுவந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே நிழலில் நின்று அன்றைக்குச் சிரித்த பத்துப் பேரில் ஏழு பேர் கூட்டத்தில் இருந்தார்கள். நான் கேட்காமலே ஒவ்வொருவராக வந்து அவர் கையைப் பிடித்தார்கள். நிறத்தைச் சொன்னவன் கடைசியாக வந்தான், அவர் கையை நெற்றியில் வைத்துக்கொண்டான்.

அண்ணாச்சி மைக்கை வாங்கினார். தீர்ப்பு நேரம். "எல்லாரும் சும்மா இருங்கடே. யாருக்குத் தீர்ப்புன்னு எனக்கே தெரியும். ஒங்களையும் கேட்டுட்டே சொல்லுதேன்" என்றார். ஹால் முழுவதும் "குஷ்! குஷ்!" என்று ஒரே கூச்சல். கும்பகோணத்தானும் கத்திக்கொண்டிருந்தான். பொங்கல் வெள்ளிக்கிழமையில், தமிழர்கள் கூடிய கூட்டத்தில், என் சோழன் தோற்றுக்கொண்டிருந்தான். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை முட்டியது. அண்ணாச்சி குறும்பாகக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, "ஆனா வந்திருக்கவரு விருந்தாளி. தீர்ப்ப அவரே சொல்லட்டும்" என்று மைக்கை உஸ்தாத்திடம் நீட்டிவிட்டார்.

உஸ்தாத் என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன்.

"ஒரு கேள்வி. உங்க சோழ ராஜா கட்டின கோயில்ல இப்பவும் ஆளுங்க போறாங்களா?"

"தினமும் பூஜை நடக்குது. ஐப்பசிப் பௌர்ணமிக்குச் சாமிக்குச் சோறாலேயே அபிஷேகம் பண்ணுவாங்க. ஊரே திரண்டு நிக்கும்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "எங்க ராஜாக்கள் கோயில்ல மணல்தான் இருக்கு. நான் மண்ணை அள்ளிப் போட்டிருக்கேன், எனக்குத் தெரியும். அவங்க எழுதி வெச்சதைப் படிக்கிறாங்க, ஆனா அந்தப் பாஷையோட அர்த்தம் இன்னும் முழுசா யாருக்கும் புரியல. வர்றவங்க போட்டோ எடுத்துட்டுப் போயிடறாங்க. உங்க ராஜா செத்து ஆயிரம் வருசம் ஆகுது. இன்னைக்கு லீவு நாள்ல, தூங்காம, சம்பளம் இல்லாம, அவருக்காகச் சண்டை போட இவ்வளவு பேர் இருக்கீங்க. ஒரு ராஜாவுக்கு இதைவிட என்ன வேணும்? அதனால சோழர்தான் ஜெயிச்சாங்க. இதுதான் என் தீர்ப்பு."

இதை வரி வரியாகத் தமிழில் சொல்லி முடித்தேன்.  மூன்று வருடம் நான் கொண்டாடிய வெற்றி இவ்வளவு கனமாக இருந்ததில்லை. ஹாலில் யாரும் கைதட்டவில்லை. சோழன் ஜெயித்ததற்குத் தமிழர்கள் கைதட்டாமல் இருந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்த அமைதியில் கடைசி வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான். யாரென்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. கிரஷரில் புதிதாகச் சேர்ந்தவன் என்று நினைக்கிறேன், முகத்தில் கல்தூசி அப்படியே இருந்தது. கோபமாகக் கத்தினான்.

"அதெப்படி அண்ணே? அவரு ராஜாவுக்குச் சண்டை போட ஆள் இல்லைன்னு யார் சொன்னது? இவ்வளவு நேரம் குஷ் குஷ்னு கத்தினோமே, அப்ப நாங்கல்லாம் யாராம்? கேட்டுச் சொல்லுங்க!"

கேட்டுச் சொன்னேன்.  உஸ்தாத் முண்டாசு நுனியால் கண்ணைப் பொத்திக்கொண்டு அந்த மேசை மேல் நின்றார். முந்நூறு பேரும் எழுந்து நின்று, அவருடைய தீர்ப்பை ஏற்க மாட்டோம் என்று மேசைகளைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.